மேடைப் பேச்சும் மறுநாள் செய்தியும்

அன்பின் ஐயா,

நான் மட்டக்களப்பில் தமிழர் வாழும் ஆரையம்பதியைச் சேர்ந்தவன், ஆசிரியன். தேர்தல் அறிவித்த நாளிலிருந்து எங்கள் பக்கத்துக் கூட்டங்களில் ஒரே பேச்சுத்தான்: "இப்போது விழிக்காவிட்டால் இன்னும் பத்து வருடத்தில் இந்தக் காணி உங்களுடையதாக இருக்காது." பக்கத்தில் முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடியில் எங்களைக் காட்டி அதே பேச்சு. சிங்களவர் வாழும் அம்பாறை நகரில் இரண்டு பேரையும் காட்டி மூன்றாவது பேச்சு. பத்திரிகைகளும் இணையத்தளங்களும் மூன்றையும் அப்படியே போடுகின்றன. நீங்களோ போன கட்டுரையில் "எல்லோரையும் பேச விடுங்கள்" என்று எழுதுகிறீர்கள். 1990 இன் படுகொலைகளைக் கண்ட மண்ணில் இருந்துகொண்டு இப்படி எழுத எப்படி மனம் வந்தது? பூச்சாண்டி காட்டுகிறவனுக்கும் கருத்துச் சுதந்திரமா? இனம், மதம், காணி மூன்றையும் ஒரு பத்து வருடத்துக்கு மேடையிலும் ஊடகத்திலும் பேசக்கூடாது என்று சட்டம் போட்டால் என்ன? எங்கள் கூட்டத்தில் எழுந்து ஒரு கேள்வி கேட்க நினைத்தேன், பக்கத்தில் இருந்தவர்கள் கையைப் பிடித்து இருத்திவிட்டார்கள். என் பெயரைத் தவிர்த்துவிடுங்கள்.

அன்பின் தம்பிக்கு,

பத்து வருடம் வாயை மூடிப் பார்க்கலாம் என்கிறீர்கள். இந்த ஊர் அதைச் செய்து பார்த்த ஊர். 2004 மே 31 ஆம் திகதி பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் மட்டக்களப்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 28 ஆம் திகதி இரவு, இந்த மட்டக்களப்பில் பிறந்த பத்திரிகையாளர் தர்மரத்தினம் சிவராம் கொழும்பில் கடத்தப்பட்டு, மறுநாள் நாடாளுமன்றத்துக்கு அருகே சடலமாகக் கிடந்தார். அதன் பிறகு நிருபர்களில் சிலர் ஊரை விட்டே போனார்கள். இருந்தவர்கள் கோயில் திருவிழாவையும் பாடசாலை விளையாட்டுப் போட்டியையும் எழுதிக் காலத்தைக் கடத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. துப்பாக்கி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் நீண்ட காலமல்ல அது.

அந்த மௌனத்தில் தமிழரும் முஸ்லிம்களும் நெருங்கிவிட்டார்களா? யார் காணாமல் போனார், யார் கொண்டுபோனார் என்பதற்குப் பத்திரிகையில் பதில் இல்லாதபோது அந்தப் பதில் சந்தையிலும் பஸ்ஸிலும் கிடைத்தது. அங்கே கிடைத்த பதிலில் குற்றவாளி எப்போதும் பக்கத்து ஊர்க்காரன்தான்.

அச்சம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க நாம் வேறு நாட்டுக்குப் போகத் தேவையில்லை. 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. சாப்பிட வந்தவர் கறியில் வெள்ளையாக ஒரு கட்டியைக் காண்கிறார். ஆட்கள் கூடுகிறார்கள். சிங்களவரை மலடாக்க மாத்திரை போட்டாய்தானே என்று காசாளரைச் சூழ்ந்துகொண்டு கேட்கிறார்கள். அவருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. கறியில் சேர்த்த மாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தாரோ, ஆமென்று சொன்னால் அடி விழாமல் விடுவார்கள் என்று நினைத்தாரோ, ஆமென்கிற மாதிரி ஏதோ சொல்கிறார். ஒருவர் அதைக் கைத்தொலைபேசியில் பிடிக்கிறார். அன்றிரவே கடை நொறுங்கியது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது, வாகனங்கள் எரிந்தன. அந்த வீடியோ குற்ற ஒப்புதல் வாக்குமூலமாக நாடெங்கும் சுற்றியது. சில நாட்களில் கண்டி மாவட்டத்தில் திகன பற்றியெரிந்தது. மார்ச் 6 ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமானது.

அந்தக் கட்டியை அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் பரிசோதித்தது. மாவுப்பொருள் என்று அறிக்கை கொடுத்தது. ஒரு வேளைச் சாப்பாட்டில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று மருத்துவத்திலேயே கிடையாது. ஆனால் மாத்திரையைக் கேள்விப்பட்டவர்களில் எத்தனை பேர் மாவுக்கட்டியைக் கேள்விப்பட்டார்கள்? நம் தமிழ்ப் பத்திரிகைகளில்கூட அந்த அறிக்கை ஒரு மூலையில்தான் கிடந்தது.

மறுவருடம் அதே கதை வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு வந்தது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்து ஒரு மாதம். சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த இந்த ஊரின் அழுகை ஓயாத நேரம். 2019 மே 23 ஆம் திகதி ஒரு சிங்கள நாளிதழ், ஒரு வைத்தியர் 4000 சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்துவிட்டார் என்று முதற்பக்கத்தில் போட்டது. மறுநாள் குருநாகல் வைத்தியசாலையின் வைத்தியர் ஷாபி கைதானார். ஜூலை மாதம்தான் பிணை கிடைத்தது. குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்துக்குச் சொன்னது. தலைப்பைப் போடுமுன் செய்தி ஆசிரியர் ஏதாவது ஒரு வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுத்து ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஒரு வைத்தியரோடு இன்னும் எத்தனை பேர் நிற்பார்கள்? மயக்க மருந்து கொடுப்பவர், தாதியர், உதவியாளர். இத்தனை பேரும் 4000 தடவை கண்ணை மூடிக்கொண்டு நின்றார்களா? ஐந்து நிமிட வேலை அது.

இந்தச் செய்தி தமிழிலும் பறந்தது, நினைவிருக்கிறதா? அந்த நாட்களில் நம்முடைய ஆட்கள் எத்தனை பேர் அதைச் சரிபார்க்காமல் அனுப்பிவைத்தார்கள் என்பது அவரவர் கைத்தொலைபேசிக்குத் தெரியும்.

இனி உங்கள் சட்டத்துக்கு வருகிறேன். வெட்டு, கொளுத்து என்று ஒருவன் மேடையில் சொன்னால் அவனைப் பிடிக்கச் சட்டம் ஏற்கனவே இருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவை இருக்கிறது. இன, மத வெறுப்பைத் தூண்டுவதற்கு எதிராக 2007 இன் குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் தொடர்பான சர்வதேச சமவாயச் சட்டம் இருக்கிறது. அவனைப் பிடிக்கட்டும், நானும் கைதட்டுகிறேன். ஆனால் அந்தச் சட்டம் யாரைப் பிடித்தது? 2019 ஏப்ரலில் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளரை, ஒரு சிறுகதைக்காக. ஆகஸ்ட் வரை உள்ளே இருந்தார். பயங்கரவாதத் தடைச் சட்டம் 2020 மே மாதம் அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் கவிஞரைப் பிடித்தது. அவரும் உங்களைப் போல ஓர் ஆசிரியர். தமிழில் எழுதிய கவிதைகளுக்காக 2021 டிசம்பர் வரை சிறையில் கிடந்தார். 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. கவிதை வாசிக்கிற பழக்கம் நம் அரசுக்கு இந்த விதத்தில்தான் வந்தது.

2024 ஜனவரியில் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே. எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஒரு ஆணைக்குழுவின் கையில் கொடுக்கிறது. நீங்கள் கேட்கும் பத்து வருடத் தடையும் இப்படித்தான் வேலை செய்யும். "இந்தக் காணி போய்விடும்" என்று வாக்குக் கேட்கும் வேட்பாளருக்கு வழக்கறிஞர் இருக்கிறார், கட்சி இருக்கிறது. "இந்தக் காணியை யார் எந்தக் கடிதத்தால் யாருக்குக் கொடுத்தது" என்று கேட்கும் நிருபருக்கு மோட்டார் சைக்கிள் மட்டுமே இருக்கிறது. காணி என்ற சொல் இரண்டு வாக்கியத்திலும் உண்டு. பொலிஸ் நிலையத்துக்கு யாரைக் கூப்பிடுவார்கள்? 2018 இல் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கினார்களே, அம்பாறைக் கடை நொறுங்கி ஒரு வாரம் கழித்துத்தான் முடக்கினார்கள். வதந்தியைப் பொய் என்று சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக்கொண்டிருந்தவர்களின் வாயும் அதோடு சேர்ந்து அடைபட்டது.

இங்கே உங்களுக்குக் கோபம் வரக்கூடிய ஒன்றைச் சொல்லவேண்டும். மேடையில் காட்டப்படும் அச்சம் முழுப் பொய் அல்ல. முழுப் பொய்யாக இருந்தால் நமக்கு வேலை சுலபம். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டது பொய்யா? அதே ஆண்டு செப்டெம்பரில் சத்துருக்கொண்டானில் குழந்தைகளோடு கொல்லப்பட்ட தமிழர் பொய்யா? அம்பாறை மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி முஸ்லிம்கள் ஏறத்தாழ 43 வீதம், சிங்களவர் 39, தமிழர் 17. பாதியைத் தாண்டியவர் அங்கே யாருமே இல்லை. ஆகவே மூன்று பேரிடமும் "நீ சிறுபான்மை, விழுங்கப்படப் போகிறாய்" என்று சொல்லி வாக்குக் கேட்கலாம், மூன்று பேரும் தலையாட்டுவார்கள். 2020 பொதுத்தேர்தலில் அந்த மாவட்டத் தமிழர் ஒரு பிரதிநிதியையும் நேரடியாகத் தெரிவுசெய்ய முடியாமல் போனது. ஆசனம் பறிபோகும் என்று மிரட்டியவர்கள் ஒரு விதத்தில் சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் அதைப் பறித்தவன் பக்கத்து ஊர்க்காரன் அல்ல. தமிழரைக் காக்கவந்ததாகச் சொன்ன இரண்டு அணிகள் தமிழ் வாக்கை இரண்டாகப் பிளந்தன. அந்தக் கணக்கு மேடையில் வராது. பத்திரிகையில் வந்திருக்கவேண்டும்.

பழைய காயம், இன்றைய காணிப் பிரச்சினை, நாளைய ஊகம் ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதுதான் பூச்சாண்டி காட்டுகிறவனின் கெட்டித்தனம். மூன்றையும் பிரித்துக் கேட்பது நிருபரின் வேலை. அது ஏன் நடக்கவில்லை என்று கேட்டால், கூட்டம் முடிந்து செய்தி போகும் வழியைப் பாருங்கள். நம் பிரதேச நிருபர்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வெளிவரும் செய்திக்குத்தான் காசு, அதுவும் வந்தால் உண்டு. இரவு ஒன்பதரைக்குக் கூட்டம் முடிகிறது. வேட்பாளரின் ஊடகச் செயலாளர் பேச்சை ஏற்கனவே தட்டச்சு செய்து, படத்தோடு வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். நிருபர் அதில் ஆகக் காரமான வரியைத் தலைப்பாக்கி, இரண்டு பக்கமும் ஒற்றை மேற்கோள் குறி போட்டு, முடிவில் "எனக் குற்றஞ்சாட்டினார்" என்று சேர்த்து அனுப்புகிறார். பத்தரைக்கு இணையத்தில் ஏறிவிடும். மேற்கோள் குறி போட்டாயிற்று, ஆகவே பொறுப்பு நம்முடையதல்ல என்பது ஆசிரியபீடத்தின் நிம்மதி. குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு ஒரு அழைப்பு எடுத்தீர்களா, பிரதேச செயலகத்தில் கேட்டீர்களா என்று கேட்டால் என்னை விசித்திரமாகப் பார்க்கிறார்கள். நீங்கள் சொல்லும் தடை இந்த அலுவலகப் பழக்கத்தைத் தொடப்போவதே இல்லை.

அம்பாறை மாவட்டத்தின் கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தும் விவகாரம் பல பத்தாண்டுகளாக இழுபடுகிறது. 2019 ஜூனில் அதைத் தரமுயர்த்தக் கேட்டு அங்கே தமிழர் தரப்பு உண்ணாவிரதம் இருந்தது. அதை எதிர்த்து முஸ்லிம் தரப்பும் பந்தல் போட்டு உட்கார்ந்தது. சிங்கள பௌத்தக் கடும்போக்கு அமைப்பான பொதுபல சேனாவின் ஞானசார தேரர் வந்து தமிழருக்கு ஆறுதல் சொன்னதைப் பெரிய வெற்றியாக எழுதிய தமிழ் நிருபர்களைக் கண்டேன். அவர் யார், 2014 கலவரத்துக்கு முன் முஸ்லிம்களைப் பற்றி அளுத்கமயில் என்ன பேசினார் என்று ஒரு வரி எழுத ஒருவருக்கும் மனம் வரவில்லை. எந்தெந்தக் கிராம சேவகர் பிரிவு எந்தப் பக்கம் போகும், எல்லை எந்தத் தெருவில் விழும், நிதி அதிகாரம் தனியாக வந்தால் சாதாரண ஆளுக்கு என்ன மாறும் என்று ஒரு வரைபடத்தோடு விளக்கிய செய்தியை நான் இரு தரப்புப் பத்திரிகையிலும் காணவில்லை.

"பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தோம்" என்று யாராவது ஒலிவாங்கியைப் பிடித்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன், தம்பி. அது கேள்வியை மூடும் மரியாதையான மூடி. பிட்டுக் குழல் யாருடைய வீட்டில் இருக்கிறது என்பதுதானே சண்டை.

எல்லோரையும் பேச விடுங்கள் என்று நான் எழுதியதற்குப் பொருள், எல்லோரும் பேசியதைக் கேட்டுவிட்டுக் கைதட்டுங்கள் என்பதல்ல. கேள்வி கேட்க உங்களையும் விடவேண்டும். உங்கள் கையைப் பிடித்து இருத்தியவர்கள்தான் இந்தக் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியவர்கள். காத்தான்குடிக் கூட்டத்தில் போய் நீங்கள் கேள்வி கேட்டால் அது சண்டை. ஆரையம்பதிக் கூட்டத்தில் ஆரையம்பதிக்காரர் கேட்டால் அதற்குப் பதில் சொல்லியாகவேண்டும். அதேபோல அங்கே ஒருவர் எழும்பவேண்டும். எழும்புகிறவர்கள் உண்டு, எனக்குத் தெரியும். அவர்களுடைய கையையும் பிடித்து இருத்துகிறார்கள்.

அடுத்த முறை கேட்பதற்குமுன் கையில் ஒரு தாள் இருக்கட்டும். 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்களுக்காகத்தான் இருக்கிறது. வேட்பாளர் சொன்ன காணி எது என்று இடத்தைக் குறித்து, கடந்த பத்து வருடத்தில் அது யாருக்கு, எந்த அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கப்பட்டது என்று உங்கள் பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம் தமிழில் எழுதிக் கொடுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்டால் காரணம் சொல்லத் தேவையில்லை. கிடைத்ததற்கான பற்றுச்சீட்டை வாங்காமல் வெளியே வராதீர்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் அசையாவிட்டால் கொழும்பில் ஆணைக்குழு. காணி உண்மையிலேயே முறைகேடாகப் போயிருந்தால் இலக்கம், திகதி, கையொப்பத்தோடு எழுதுவோம். போகவில்லை என்று பதில் வந்தாலும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், இங்கே வெளியிடுகிறேன். அந்தப் பிரதியில் இன்னொன்றை எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போங்கள், முன்வரிசையில் உட்காருங்கள்.