பேப்பரில் வராமல் காக்கலாம். போலீஸ் காகிதத்தில் மறைக்கக் கூடாது

கேள்வி: என் தம்பி (வயது 27) பத்து நாட்களுக்கு முன் இறந்துவிட்டான். தற்கொலை என்கிறது போலீஸ். கடன் ஆப் ஆட்கள் அவனை மிரட்டிய மெசேஜ்கள் போனில் இருக்கின்றன. அதை வெளியே சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். தங்கைக்கு வரன் பார்க்கும் நேரம், விஷயம் பேப்பரில் வரவே கூடாது என்கிறார் அப்பா. அவர் கொடுத்த புகாரில் ‘தீராத வயிற்றுவலி’ என்று ஸ்டேஷனில் எழுதிவிட்டார்கள், கையெழுத்தும் போட்டாயிற்று. ரிப்போர்ட்டில் ‘ஹார்ட் அட்டாக்’ என்று வரவைத்து, செய்தியும் வராமல் பார்த்துக்கொள்ள ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகர், மதுரை மாவட்டம்

பதில்: முதலில் அந்த 15,000 ரூபாய். ஒரு பைசா கொடுக்காதீர்கள். இப்படிப்பட்ட செய்தி பத்திரிகைக்குப் போகும் வழிகள் மூன்று. ஸ்டேஷனிலிருந்து நிருபர்களின் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகும். ஜி.எச். பிணவறை வாசலிலிருந்து போகும். எல்லாவற்றையும்விட அதிகமாக, சொந்தக்காரர்களின் குரூப்பிலிருந்து போகும். இந்த மூன்றையும் அடைக்க எந்தத் தரகராலும் முடியாது. செய்தி வராவிட்டால் தன்னால்தான் என்பார். வந்துவிட்டால் போனை எடுக்க மாட்டார். பிரேத பரிசோதனை அறிக்கையை மாற்றுவது குற்றம். அதற்குப் பணம் கொடுத்தவரும் வழக்கில் சேர்வார். துக்க வீட்டைத் தேடி வந்து பிடுங்கும் இவர்களை ஆஸ்பத்திரி வளாகத்திலிருந்து விரட்டக்கூட நம் நிர்வாகத்துக்கு நேரமில்லை.

அப்பாவின் கவலையும் உங்கள் கோபமும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. ஊருக்கும் பேப்பருக்கும் சொல்லாமல் இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. போலீஸ், டாக்டர், இன்சூரன்ஸ் ஆகிய மூன்று இடங்களில் மட்டும் மறைக்கக் கூடாது.

அதனால்தான் அந்த வயிற்றுவலி வரி என்னைக் கவலைப்பட வைக்கிறது. நம் ஸ்டேஷன்களில் இப்படி ஒரு மரணம் என்றால் ரைட்டரின் கை தானாக எழுதும் இரண்டு வரிகள் உண்டு. ‘தீராத வயிற்றுவலியால் மனமுடைந்து’ என்பது ஒன்று. ‘இறப்பில் யார் மீதும் சந்தேகம் இல்லை’ என்பது மற்றொன்று. குடும்ப மானத்துக்கு நல்லது என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்குவார்கள். உடல் சீக்கிரம் கிடைத்தால் போதும் என்ற நிலையில் இருப்பவர்கள் படித்துப் பார்ப்பதில்லை. பிறகு கடன் ஆப் ஆட்கள் மீது வழக்கு என்று போனால், எதிர்தரப்பு வக்கீல் முதலில் நீட்டும் காகிதம் அதுதான்.

சரிசெய்ய வழி இருக்கிறது. இது பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 194-ஆவது பிரிவில் (பழைய சட்டத்தில் 174) பதிவான சந்தேக மரண வழக்கு. புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், அப்பா கேட்டு வாங்கட்டும். பிறகு விசாரணை அதிகாரிக்கு அவர் பெயரிலேயே ஒரு மனு எழுதுங்கள். புகார் கொடுத்தபோது இருந்த மனநிலை, வயிற்றுவலி என்பது தான் சொன்னதல்ல என்ற உண்மை, போனில் இருக்கும் மெசேஜ்கள், அவை வந்த தேதிகள், எண்கள், ஆப்பின் பெயர் ஆகியவை அதில் இருக்கட்டும். கூடுதல் வாக்குமூலம் பதிவு செய்யும்படி கேளுங்கள். ஒரு பக்கம் போதும். ஊகம் எதுவும் வேண்டாம். நகலை டி.எஸ்.பி.க்கும் எஸ்.பி.க்கும் ஸ்பீடு போஸ்ட்டில், கிடைத்ததற்கான ஒப்புகை கேட்டு அனுப்புங்கள். ஆதாரம் இருந்தால் வழக்கைத் தற்கொலைக்குத் தூண்டுதல் பிரிவுக்கு (புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.-ல் 108) மாற்ற வேண்டும். ஸ்டேஷனும் எஸ்.பி.யும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். தாமதிக்காதீர்கள். ‘மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது’ என்று முடித்துவிட்டால் மறுபடி திறக்க வைப்பது பெரும்பாடு. கடன் வசூலில் வலுக்கட்டாயத்தைத் தடுக்க 2025-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது. அதையும் மனுவில் குறிப்பிடுங்கள்.

இனி பேப்பர். சட்டம் இங்கே குடும்பத்துக்கு அதிகம் கைகொடுக்காது என்பதை அப்பாவிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பொது ஆவணங்களில் இருப்பதை வெளியிடலாம் என்று ஆட்டோ சங்கர் வழக்கில் 1994-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இறந்தவரின் அந்தரங்க உரிமை அவரோடு முடிகிறது, வாரிசுக்கு வராது என்று ஜெயலலிதா வாழ்க்கைப் படங்கள் தொடர்பான வழக்கில் 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஆகவே வக்கீல் நோட்டீஸ் அனுப்பி மிரட்டிச் செய்தியை நிறுத்திவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

எஃப்.ஐ.ஆர். இணையத்தில் வருமே என்பது அடுத்த பயம். 24 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்ற உத்தரவு. பாலியல் குற்றம் போன்றவற்றை விலக்கியவர்கள், தற்கொலை மரணத்தைப் பெயர் சொல்லி விலக்கவில்லை. துக்கத்தில் இருக்கும் வீட்டின் முகவரி அதில் இருக்கும் என்று ஏன் யாரும் யோசிக்கவில்லை? ஏற்றாமல் விடும் முடிவை எடுக்க டி.எஸ்.பி. அந்தஸ்தாவது வேண்டும், மனு அவரிடம்தான் போக வேண்டும். ஒரு நல்ல செய்தியும் உண்டு. உங்களுக்குத் தரும் இறப்புச் சான்றிதழில் மரணக் காரணம் இருக்காது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே அதைத் தடுக்கிறது. வரன் வீட்டார் அந்தக் காகிதத்தைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

நிருபர் கேட்டால் வீட்டில் ஒருவர் மட்டும் பேசுங்கள். ‘விசாரணை நடக்கிறது. படமும் வீட்டு முகவரியும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்’ என்பதற்கு மேல் வேண்டாம். தம்பி கடிதம் ஏதும் எழுதியிருந்தால் அசலைப் போலீஸிடம் கொடுத்து மகஜரில் (கைப்பற்றிய பொருட்களைப் போலீஸ் எழுதும் பட்டியல்) பதிய வையுங்கள். அதைப் போட்டோ எடுத்துச் சித்தப்பாவுக்கோ மாமாவுக்கோ கூட அனுப்பாதீர்கள். ‘நம்ம குடும்ப குரூப்தானே’ என்று போட்ட கடிதம் மாலைக்குள் யூடியூபில் ஓடும்.

தற்கொலைச் செய்தியைப் பெரிதாகப் போடக் கூடாது, முறையை விவரிக்கக் கூடாது, இடத்தைச் சொல்லக் கூடாது, படம் கூடாது என்று இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2019-ல் நெறிமுறை வகுத்தது. மீறினால் முதலில் ஆசிரியருக்கு எழுத வேண்டும். அதற்கும் பலனில்லை என்றால், நாளிதழ், வார இதழ் விஷயத்தில் வெளியான இரண்டு மாதத்துக்குள் கவுன்சிலுக்குப் புகார் போக வேண்டும். அதன் அதிகாரமோ கண்டிப்பதோடு சரி. டிவியும் யூடியூபும் அதன் கையில் இல்லை. யூடியூப் என்றால் அந்தத் தளத்தின் தனியுரிமைப் புகார்ப் படிவத்தில், நெருங்கிய உறவினர் என்று சொல்லிப் புகார் செய்யுங்கள். மெசேஜ் விவகாரத்தைப் பொதுவில் பேச நீங்கள் முடிவு செய்தால், ஆப்பைப் பற்றியும் அது மிரட்டும் விதத்தைப் பற்றியும் பேசுங்கள். தம்பியின் பெயர், கடன் தொகை, கடைசி நாள் நிகழ்வு எதுவும் அதற்குத் தேவையில்லை.

வீட்டில் யாராவது தாங்க முடியாமல் இருந்தால் 14416 (டெலி மானஸ்) அல்லது 104-ஐ அழையுங்கள், கட்டணம் இல்லை.

இன்சூரன்ஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ‘ஹார்ட் அட்டாக் என்று இருந்தால்தான் பணம் வரும்’ என்று ஏஜென்ட் யாராவது நிச்சயம் சொல்வார். தவறு. ஆயுள் காப்பீட்டில் தற்கொலைக்கான விலக்கு முதல் 12 மாதத்துக்கு மட்டுமே. அதற்குப் பின் முழுத் தொகையும் உண்டு. அந்த 12 மாதத்துக்குள் என்றாலும் வெறுங்கை இல்லை. சாதாரண பாலிசியில் கட்டிய பிரீமியத்தில் குறைந்தது 80 சதவீதமாவது நாமினிக்கு வரும். யூலிப் (முதலீட்டோடு சேர்ந்த பாலிசி) என்றால் அன்றைய ஃபண்ட் மதிப்பு. இங்கே பலரும் கோட்டைவிடுவது, காலாவதியாகிப் பிறகு புதுப்பித்த பாலிசியில். பாலிசி எட்டு வருடப் பழசாக இருக்கலாம். நடுவில் பிரீமியம் கட்டாமல் விட்டு, போன தீபாவளிக்குப் புதுப்பித்திருந்தால் 12 மாதம் அந்தப் புதுப்பித்த தேதியிலிருந்து மறுபடி எண்ணப்படும். எனவே பாண்டின் முதல் பக்கத்தை மட்டும் பார்க்காதீர்கள். பிரீமியம் ரசீதுகள் முழுவதையும் பாருங்கள். வயிற்றுவலி வரி இங்கேயும் கடிக்கும். பாலிசிக்கு மூன்று வருடம் நிறையவில்லை என்றால், ‘பழைய நோயை மறைத்தார்’ என்று சொல்லி க்ளெய்மை மறுக்க நீங்களே காரணம் எழுதிக் கொடுத்ததாக ஆகும். தம்பியின் வங்கிப் பாஸ்புக்கில் வருடம் 436 ரூபாய் பிடித்தம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் உண்டு, புதிதாகச் சேர்ந்து 30 நாளாவது ஆகியிருந்தால். வங்கிக் கிளையில் உடனே விண்ணப்பியுங்கள்.

போனை ரீசெட் செய்யாதீர்கள், கடன் ஆப்பை அழிக்காதீர்கள். போலீஸிடம் கொடுக்கும்போது ஐ.எம்.இ.ஐ. எண்ணை (போனின் தனி அடையாள எண்) எழுதிக்கொண்டு மகஜர் நகல் கேளுங்கள். சிம் கார்டுக்கு ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். வங்கிக் கணக்குக்கும் ஆப்புக்கும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும்.