எட்டாம் வகுப்புப் பையனை என்.சி.சி. நேவல் விங்கில் (கடற்படைப் பிரிவில்) சேர்க்கலாமா? தலைமைப் பண்பு வளரும் என்பதெல்லாம் உண்மையா?

கேட்டிருப்பவர் ஒரு அம்மா. பள்ளியில் மகனிடம் ஃபாரம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கடல், கேம்ப் என்று போனால் படிப்பு கெட்டுவிடுமோ என்று ஒரு பயம், தலைமைப் பண்பு, ஒழுக்கம் என்று பள்ளியில் சொன்னதை நம்பலாமா என்று ஒரு சந்தேகம்.

நான் தொண்ணூறுகளில் தூத்துக்குடியில் இரண்டு வருஷம் ஜூனியர் டிவிஷன், அதாவது பள்ளிப் பிரிவு, கேடட். பள்ளியில் வாங்குகிற 'ஏ' சர்டிபிகேட்டோடு நின்றுவிட்டேன். கடற்படைக்கும் போகவில்லை, கப்பலுக்கும் போகவில்லை. ஒரு ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். அதனால் என் பதிலில் விளம்பரம் இருக்காது.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். நேவல் விங் என்று பேர்தானே தவிர முக்கால்வாசி நேரம் தரையில்தான். செம்மண் மைதானம், வெயில், சாவ்தான் என்றால் விறைப்பாக நிற்பது, விஷ்ராம் என்றால் தளர்ந்து நிற்பது. வெள்ளை யூனிஃபார்மை ஒவ்வொரு பரேடுக்கும் துவைத்து நீலம் போட்டு இஸ்திரி பண்ணுவதில் எங்கள் வீட்டில் ஒழுக்கம் வளர்ந்தது என்றால் அது என் அம்மாவுக்குத்தான். பரேடு முடிந்ததும் தருகிற பரோட்டாவுக்காகவே பாதிப் பேர் வந்தோம். ஒளிப்பானேன், நானும்தான்.

பிறகு கயிறு. ரீஃப் நாட், க்ளோவ் ஹிட்ச், போலைன் என்று விதவிதமான முடிச்சுகள். போலைன் என்பது எவ்வளவு இழுத்தாலும் வளையம் இறுகாத முடிச்சு. தண்ணீரில் விழுந்தவன் இடுப்பில் போட்டு இழுத்தால் அவனை நெரிக்காது. வேலை முடிந்ததும் சுலபமாக அவிழும். அதன்பின் செமஃபோர். இரண்டு கொடியை வைத்துக்கொண்டு கையால் எழுத்து காட்டுவது. இரண்டு கையையும் தோளுக்கு நேராக நீட்டினால் 'ஆர்'. இந்தக் காலத்தில் எதற்கு என்று கேட்டால் எனக்கும் பதில் தெரியாது. ஆனால் மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்பவனுக்கு வாயைத் திறக்காமல் கெட்ட வார்த்தை அனுப்ப முடிந்தது.

நிஜமான விஷயம் படகில்தான். அதற்கு வேலர் என்று பேர். முருகன் பேர் என்றே நாங்கள் ரொம்ப நாள் நினைத்திருந்தோம். ஆங்கிலத்தில் 'வேல்' என்றால் திமிங்கலம், திமிங்கலம் பிடிக்கப்போன படகின் வம்சம் இது என்று பிறகுதான் தெரிந்தது. 27 அடி நீளம். ஐந்து துடுப்பு, ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு. பின்னால் சுக்கான் பிடிப்பவன் காக்ஸன். துடுப்பு வலிக்கிற ஐந்து பேரும் உட்கார்ந்திருப்பது பின்பக்கம் பார்த்து. எங்கே போகிறோம் என்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. முன்னால் இருப்பதைப் பார்ப்பவன் காக்ஸன் மட்டும்தான், அவனோ துடுப்புப் போடுவதில்லை. ஐந்து பேரின் உழைப்பும் ஒருத்தனின் கண்ணும். இதைவிட எளிமையாக ஒரு பதினாலு வயசுப் பையனுக்குத் தலைமை என்றால் என்ன என்று காட்ட எனக்குத் தெரிந்து வேறு சாமான் இல்லை.

காக்ஸனுக்கு முன்னால் அவன் முகத்தைப் பார்த்து உட்காருபவன் ஸ்ட்ரோக். அவன் துடுப்பு எப்போது இறங்குகிறதோ அப்போதுதான் மற்ற நாலும் இறங்க வேண்டும். எங்கள் படகில் ஸ்ட்ரோக், மீனவர்கள் வாழும் தெரஸ்புரத்துப் பையன் ஒருவன். வகுப்பில் கடைசி பெஞ்சு, கணக்கில் ஒற்றை இலக்கம். படகில் ஏறினால் அவன்தான் வாத்தியார். கொண்டல் காற்று எப்போது திரும்பும் என்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே சொல்வான். கிளாஸ் ஃபர்ஸ்ட் வாங்குகிறவன் முதல் வாரம் பூராவும் நண்டு பிடித்துக்கொண்டிருந்தான். துடுப்பின் தட்டு சாய்ந்து தண்ணீருக்குள் மாட்டிக்கொண்டு, கைப்பிடி வந்து நெஞ்சில் இடிப்பதற்குத்தான் அந்தப் பேர். படகில் ஏறத் தொடங்கிய மூன்று மாதத்தில் எங்கள் வகுப்பில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதே மாறிப்போனது.

இனி என் கதை. இரண்டாவது வருஷம் லீடிங் கேடட் பட்டை கிடைத்தது, காக்ஸன் ஆக்கினார்கள். ஒரு நாள் படகைத் திருப்பி ஜெட்டிக்குக் கொண்டுவருகிறேன். படகுக்கு பிரேக் கிடையாது. துடுப்பை நிறுத்திய பிறகும் அது தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும், அதுவும் காற்று முதுகில் இருந்தால் கேட்கவே வேண்டாம். எவ்வளவு தூரத்தில் நிறுத்தச் சொல்வது என்பதில்தான் காக்ஸனின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. ஜெட்டியில் ஆட்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஸ்டைலாக வந்து நிற்க ஆசை. துடுப்பைத் தண்ணீருக்குள் அசையாமல் பிடித்துப் படகை நிறுத்தச் சொல்கிற உத்தரவு 'ஹோல்ட் வாட்டர்'. அதை நான் கத்தியபோது நேரம் கடந்துவிட்டது. அணியம், அதாவது படகின் முன்முனை, போய்ச் சுவரில் மோதி, ஒரு துடுப்பு பாதியில் முறிந்தது. நல்லவேளை யாருக்கும் அடியில்லை.

மேலே ஏறியதும் நான் சொன்ன முதல் வார்த்தை, "ஸ்ட்ரோக் லேட்டா நிப்பாட்டிட்டான் சார்." எங்களுக்குப் பயிற்சி கொடுத்த பி.ஐ. ஸ்டாஃப் நாகர்கோவில் பக்கத்துக்காரர், சத்தம் போடாதவர். முறிந்த துண்டை என் கையில் கொடுத்துவிட்டு, "சுக்கான் யாரு கைல இருந்துச்சுலே?" என்றார். அவ்வளவுதான். ஸ்ட்ரோக் பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்புகிற வேனில் ஐந்து பேரும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்கள். மறுநாள் ரிப்போர்ட் எழுதும்போது 'காக்ஸன் உத்தரவு தாமதம்' என்று நானே எழுதினேன். அந்த மூன்று வார்த்தை எழுத எனக்கு ஒரு ராத்திரி ஆனது.

இது ஏதோ எங்கள் ஊர் அனுபவம் மட்டும் இல்லை. இளம் வயதினருக்கான அவுட்வர்ட் பவுண்ட் பயிற்சி முறையே கடலில்தான் தொடங்கியது. இரண்டாம் உலகப்போரில் கப்பல் மூழ்கி உயிர்காக்கும் படகில் தத்தளித்தபோது, திடகாத்திரமான இளம் மாலுமிகள் சீக்கிரம் மனம் விட்டுவிட, பாய்க்கப்பலில் அடிபட்டு வளர்ந்த வயசாளிகள் தாக்குப்பிடித்தார்கள் என்று புளூ ஃபனல் கப்பல் கம்பெனியின் லாரன்ஸ் ஹோல்ட் கண்டார். அவரும் கல்வியாளர் கர்ட் ஹானும் சேர்ந்து 1941-இல் வேல்ஸில் அபர்டோவியில் பள்ளி தொடங்கினார்கள். பையன்களை மாலுமி ஆக்குவது மட்டும் நோக்கமில்லை, கடலை வைத்துப் பையன்களைப் பக்குவப்படுத்த வேண்டும் என்பதுதான் ஹோல்ட்டின் எண்ணம். உங்கள் மகன் நாளைக்கு ஐ.டி.க்குப் போனாலும் சரி, மளிகைக்கடை வைத்தாலும் சரி, இந்தக் கணக்கு பொருந்தும் என்பது என் கட்சி.

சென்னையில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு, பாய்மரப் படகு. நேத்ரா குமணன் தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷனின் கோடை முகாமில் தொடங்கியவர்தான். ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். ஆனால் பிள்ளைகள் தொடங்குகிற ஆப்டிமிஸ்ட் படகு ஒரு ஆள் மட்டும் ஓட்டுவது. தன்னம்பிக்கைக்கு அது. ஐந்து பேரைச் சேர்த்து இழுத்துக்கொண்டு போவதற்கு வேலர்தான்.

சேர்ப்பதற்கு முன்னால் பள்ளியில் இரண்டு கேள்வி கேளுங்கள். வருஷத்தில் எத்தனை நாள் படகில் ஏற்றுவீர்கள்? எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் உண்டா, கூடவே மோட்டார் படகு வருமா? முதல் கேள்விக்கு மழுப்பினால் அது பரேடு, பரோட்டாவோடு முடிகிற யூனிட். இரண்டாவதுக்கு மழுப்பினால் கையெழுத்துப் போடாதீர்கள். நீச்சல் தெரியாவிட்டால் இப்போதே கற்றுக்கொடுத்துவிடுங்கள், அவர்கள் கேட்காவிட்டாலும்.

படிப்பைப் பற்றி: வாரத்தில் சில மணி நேரமும் பத்து நாள் கேம்ப் ஒன்றும்தான் போகும். எட்டு, ஒன்பதில் சேர்ந்தால் 'ஏ' சர்டிபிகேட்டுக்கு இரண்டு வருஷம், பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருக்கடிக்கு முன்னால் முடித்துவிடலாம். வேலைக்குப் பெரிதாக உதவுவது கல்லூரியில் வாங்குகிற 'சி' சர்டிபிகேட்தான், அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்று மறந்துவிட்டேன். முதல் தடவை துடுப்பு வலித்துவிட்டு வருகிற நாளில் இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம் வரும். பதறி யூனிட்டுக்குப் போன் போடாதீர்கள். ஊசியால் குத்தவும் வேண்டாம், தானே வற்றிவிடும். அன்றைக்கு ராத்திரி மட்டும் ரசம் சாதத்தை ஸ்பூனில் கொடுங்கள்.