படை எத்தனை, பழி யாருக்கு? ஈராக், ஆப்கானிஸ்தான் கேள்வி பதில்

ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் எடுத்த முடிவுகளுக்காக அமெரிக்காவின் குடியரசுக் கட்சியும் ஜனநாயகக் கட்சியும் இன்றுவரை ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டிருக்கின்றன. படை எண்ணிக்கை, வாபஸ் தேதி, யார் போட்ட கையெழுத்து என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

செந்தில்: 2003இல் ஈராக்குக்குப் போதுமான படை அனுப்பவில்லை என்கிறார்கள். எவ்வளவு போதும் என்பதை எப்படிக் கணக்குப் போடுவார்கள் சார்?

ஒரு ராணுவத்தைத் தோற்கடிக்க ஒரு கணக்கு. தோற்ற நாட்டைக் கட்டுக்குள் வைத்திருக்க வேறு கணக்கு. இரண்டாவதை எதிரியின் டாங்கிகளைப் பார்த்துப் போட மாட்டார்கள், மக்கள்தொகையைப் பார்த்துத்தான் போடுவார்கள். அமெரிக்கத் தரைப்படை 2006 டிசம்பரில் வெளியிட்ட கிளர்ச்சி எதிர்ப்புக் கையேட்டின்படி ஆயிரம் பேருக்கு 20 பேராவது காவலுக்கு வேண்டும். ஈராக்கில் அப்போது சுமார் 2.5 கோடி மக்கள். பெருக்கினால் 5 லட்சம் வரும். உள்ளூர் போலீஸ், ராணுவம் எல்லாம் இதில் அடக்கம்.

உள்ளே இறங்கிய அமெரிக்கத் துருப்புகள் சுமார் 1.5 லட்சம். மீதியை ஈராக்கியர்கள்தான் நிரப்பியிருக்க வேண்டும். ஆனால் 2003 மே 23 அன்று பால் பிரெமர் தலைமையிலான இடைக்கால நிர்வாகம் தன் 2ஆம் எண் ஆணையில் ஈராக் ராணுவத்தையே கலைத்துவிட்டது. அதற்கு ஒரு மாதம் முன்பு, வரவேண்டிய முதலாம் குதிரைப்படை டிவிஷன் என்ற பெரிய படைப்பிரிவையும் வர வேண்டாம் என்று நிறுத்தியிருந்தார்கள். ஆள் குறைவாக இருக்கும்போது இருக்கிற ஆளையும் வீட்டுக்கு அனுப்பியதுதான் பெரிய தவறு என்பது என் கருத்து.

ஆள் பற்றாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு பாக்தாதுக்குத் தெற்கே உள்ள அல் ககா கிடங்கைப் பாருங்கள். சர்வதேச அணுசக்தி முகமை கண்காணித்துவந்த சுமார் 377 டன் உயர்ரக வெடிமருந்து அங்கிருந்து காணாமல் போனது. 2004 அதிபர் தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது செய்தி வெளியானது. காவலுக்கு ஆள் போடாததுதான் காரணம் என்றது ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜான் கெர்ரி தரப்பு. படை போய்ச் சேரும் முன்பே சரக்கை அப்புறப்படுத்தியிருக்கலாம் என்றது குடியரசுக் கட்சி அதிபர் புஷ் தரப்பு.

மெஹர்: உண்மையைச் சொன்னதற்காக ஜெனரல் ஷின்செகியை வேலையை விட்டே தூக்கினார்கள் இல்லையா?

இல்லை. தரைப்படைத் தளபதி எரிக் ஷின்செகி 2003 பிப்ரவரி 25 அன்று செனட் குழுவிடம் பல லட்சம் வீரர்கள் தேவைப்படலாம் என்றார். இரண்டே நாளில் பாதுகாப்புத் துணைச் செயலர் பால் வுல்போவிட்ஸ் அது பொருந்தாத மதிப்பீடு என்று வெளிப்படையாக மறுத்தார். இதுவரை சரி. ஆனால் ஷின்செகி அந்த ஜூனில் தன் நான்காண்டுப் பதவிக்காலம் முடிந்துதான் ஓய்வுபெற்றார். அடுத்த தளபதி யார் என்ற பேச்சு 2002 ஏப்ரலிலேயே பத்திரிகைக்குக் கசிந்துவிட்டது. அதாவது அந்தச் சாட்சியத்துக்குப் பத்து மாதம் முன்பே. 2004 விவாத மேடையில் ஜான் கெர்ரி, சாட்சியத்தால்தான் அவரை ஓய்வுக்கு அனுப்பினார்கள் என்ற தொனியில் பேசினார். அதிலிருந்துதான் இந்தக் கதை பரவியது. பதவிநீக்கம் என்று எழுதினால், உங்கள் வாதத்தின் சரியான பாதியையும் எதிர்த்தரப்பு சேர்த்துத் தள்ளிவிடும்.

கவிதா: துருக்கி வழியாக ஈராக்குக்குள் அமெரிக்கப் படை வராததற்கும் புஷ்தான் காரணமா?

அது துருக்கி நாடாளுமன்றத்தின் முடிவு. அமெரிக்கப் படையைத் தன் மண்ணில் அனுமதிக்கலாமா என்று 2003 மார்ச் 1 அன்று நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19. ஆதரவு அதிகம்தான், ஆனால் அவையில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் வேண்டும் என்பது விதி. 533 பேரில் 267 தேவை. மூன்று ஓட்டில் தீர்மானம் விழுந்தது. நாலாம் காலாட்படை டிவிஷனின் தளவாடங்களோடு கடலில் காத்திருந்த கப்பல்கள் குவைத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

ராஜேஷ்: ஈராக்குக்குக் கூடுதல் படை அனுப்பிய 2007 'சர்ஜ்' பலித்தது என்று ஒரு கட்சி, இல்லை என்று மறு கட்சி. எது சரி?

முதலில் எண்ணிக்கை. 2007 ஜனவரி 10 அன்று புஷ் அறிவித்தது ஐந்து கூடுதல் பிரிகேட் (சில ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவு), சுமார் 20,000 பேர். ஹெலிகாப்டர், மருத்துவம், ராணுவப் போலீஸ் என்று துணைப்படைகள் சேர்ந்ததும் அது 30,000 அளவுக்கு ஏறியது. போர்ப் பிரிகேட் எண்ணிக்கையை மட்டும் சொல்கிறவர்கள் இந்தத் துணைப்படையை எப்போதும் விட்டுவிடுவார்கள். ஈராக்கில் மொத்தப் பிரிகேட் 15இலிருந்து 20 ஆனது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் அமெரிக்க வீரர்கள் சுமார் 1.7 லட்சம்.

அடுத்து, இது எவ்வளவு நாள் தாங்கும்? ஒரு பிரிகேட் களத்தில் நிற்க வேண்டுமானால் ஒன்று திரும்பி வந்து இளைப்பாற வேண்டும், இன்னொன்று பயிற்சியில் இருக்க வேண்டும். ஆகவே இருபதுக்குப் பின்னால் அறுபது வேண்டும். அவ்வளவு இல்லை. அதனால்தான் 2007 ஏப்ரலில் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ் தரைப்படையின் களப்பணியை 12 மாதத்திலிருந்து 15 மாதமாக நீட்டினார். அதற்கு மேல் நீட்ட முடியாத நிலை. 2008இல் படை குறைந்ததற்கு அரசியல் மட்டும் காரணம் இல்லை, பஞ்சாங்கமும் காரணம்.

வன்முறை குறைந்தது உண்மை. ஆனால் மேற்கு ஈராக்கின் அன்பார் மாகாணப் பழங்குடிகள் அல்காய்தாவுக்கு எதிராகத் திரும்பியது 2006 செப்டம்பரில், அதாவது சர்ஜுக்கு முன்பு. ஷியா மதகுரு முக்ததா அல் சதர் தன் படையை நிறுத்திவைத்தது 2007 ஆகஸ்டில். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த காலம் அது. எந்த ஒன்றுக்கும் முழுப் பெருமையைக் கொடுக்க முடியாது.

அருள்மொழி: 2011இல் ஒபாமா ஈராக்கிலிருந்து வெளியேறியதால்தான் ஐஎஸ் பயங்கரவாத அமைப்பு வளர்ந்தது என்கிறார்கள். ஆனால் கையெழுத்துப் போட்டது புஷ் ஆட்சி அல்லவா?

இரண்டும் பாதி உண்மை. 2008 நவம்பர் 17 அன்று பாக்தாதில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் 24ஆம் பிரிவு, 2011 டிசம்பர் 31க்குள் எல்லா அமெரிக்கப் படையும் வெளியேற வேண்டும் என்கிறது. அப்போது அதிபர் புஷ். ஆனால் அந்தத் தேதியை மறுபேச்சில் தள்ளிவைக்கலாம் என்ற எதிர்பார்ப்பு இரு தரப்பிலும் இருந்தது. ஒபாமா ஆட்சி அந்தப் பேச்சை நடத்தியது. அது உடைந்த இடம் சட்டப் பாதுகாப்பு. அமெரிக்க வீரர் குற்றம் செய்தால் ஈராக் நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்பதை ஈராக் நாடாளுமன்றமே நிறைவேற்றித் தர வேண்டும் என்று வாஷிங்டன் கேட்டது. ஈராக் பிரதமர் மாலிகியால் அதைத் தர முடியவில்லை. 2014 ஜூன் 10 அன்று மோசூல் நகரம் ஐஎஸ் கையில் விழுந்த பிறகு அமெரிக்கப் படை ஈராக்குக்குத் திரும்பியபோது, நாடாளுமன்ற ஓட்டு இல்லாமல் தூதரகக் குறிப்பை மட்டும் வைத்து அதே பாதுகாப்பை வாஷிங்டன் ஏற்றுக்கொண்டது. ஒபாமாவை விமர்சிக்க வலுவான புள்ளி அதுதான். பலர் அதை விட்டுவிட்டு "ஓடிவந்தார்" என்று மட்டும் கத்துகிறார்கள்.

இன்னொன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 2012 தேர்தல் விவாதத்தில் குடியரசுக் கட்சி வேட்பாளர் ராம்னியிடம் ஈராக்கில் பத்தாயிரம் பேரை விட்டுவைத்திருக்க மாட்டேன் என்றார் ஒபாமா. 2014 ஆகஸ்டில், அது ஏதோ தன் முடிவு போலப் பேசுகிறார்களே என்றார். ஆப்கானிஸ்தானிலும் இதே திருப்பம் வந்தது. 2021 ஜூனில் வாபஸைத் தொடங்கியது நானே என்று பெருமைப்பட்ட டிரம்ப், ஆகஸ்டில் காபூல் தலிபானிடம் விழுந்ததும் முழுப் பழியையும் பைடன் மேல் போட்டார்.

யூசுப்: அப்படியானால் காபூல் விஷயத்தில் கணக்கை எப்படிப் பிரிப்பது?

தேதி வாரியாகத்தான் பிரிக்க வேண்டும். தலிபானோடு அமெரிக்கா போட்ட 2020 பிப்ரவரி 29 தோஹா ஒப்பந்தம் டிரம்ப் காலத்தது: 135 நாளில் 8,600 பேராகக் குறைப்பு, 14 மாதத்தில் முழு வாபஸ், 5,000 வரை தலிபான் கைதிகள் விடுதலை. அந்தப் பேச்சில் ஆப்கன் அரசுக்கு இடமே இல்லை. 2021 ஜனவரியில் 2,500 பேர்தான் மிச்சம். ஏப்ரல் 14 அன்று தேதியை மாற்றி முழு வாபஸை அறிவித்தது பைடன். இங்கே அவருக்கு வேறு வழி இருந்தது. 2,500 பேரை வைத்திருக்கலாம் என்று தாம் கருதியதாக, அந்தப் பகுதிக்கான அமெரிக்கப் படைத் தளபதி ஜெனரல் மெக்கென்சி செப்டம்பர் 28 அன்று செனட்டில் சொன்னார். அப்படி யாரும் சொன்னதாக நினைவில்லை என்று பைடன் ஆகஸ்டில் பேட்டி கொடுத்திருந்தார். ஆனால் அந்த 2,500 பேர் பத்திரமாக இருந்ததே, தோஹாவுக்குப் பின் தலிபான் அவர்களைத் தாக்காததால்தான். தங்கியிருந்தால் அந்தச் சமாதானம் முடிந்திருக்கும்.

எண்ணிக்கையை விட முக்கியமான ஒன்றை இரு கட்சிகளும் பேசுவதில்லை. வெளியேற வேண்டியவர்கள் பட்டியலில் ராணுவத்துக்கு வேலை செய்த தனியார் காண்ட்ராக்டர்களும் இருந்தார்கள். ஆப்கன் விமானப்படையின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்களையும் சி-130 விமானங்களையும் பராமரித்தது அவர்கள்தான். மெக்கானிக் போனால் சில மாதத்தில் விமானம் பறக்காது. வான் ஆதரவு இல்லாத புறக்காவல் நிலையத்துக்குத் தோட்டாவும் சாப்பாடும் போய்ச் சேராது. இது முன்கூட்டியே எச்சரித்த விஷயம்.

யூசுப்: காபூலுக்கு வடக்கே உள்ள பக்ராம் விமானதளத்தை விட்டது?

இரண்டு ஓடுபாதை உள்ள தளம், உண்மை. காபூல் விமான நிலையத்தில் ஒன்றுதான். ஆனால் அதைக் காக்க 5,000 பேர் வரை தேவைப்பட்டிருக்கும் என்றார் அப்போதைய பாதுகாப்புச் செயலர் ஆஸ்டின். வாபஸுக்குப் பின் தூதரகத்தைக் காக்க என்று ஒதுக்கியதோ சுமார் 650 பேர். பக்ராம் வேண்டும் என்றால் முதலில் எண்ணிக்கை வரம்பை உயர்த்தியிருக்க வேண்டும். விமர்சனத்தை அந்த வரம்பின் மேல் வையுங்கள்.

நித்யா: செய்தியில் வரும் படை எண்ணிக்கையை நம்பலாமா?

அப்படியே எடுக்காதீர்கள். அறிவித்த வரம்பா, களத்தில் நின்ற எண்ணிக்கையா என்று பாருங்கள். தற்காலிகப் பணிக்கு வந்தவர்களை வரம்பில் சேர்ப்பதில்லை. ஆப்கானிஸ்தானில் 8,400 என்று சொல்லிவந்த பெண்டகன் (அமெரிக்கப் பாதுகாப்புத் துறை), 2017 ஆகஸ்டில் சுமார் 11,000 என்று ஒப்புக்கொண்டது. சிரியாவில் 900 என்றது 2024 டிசம்பரில் 2,000 ஆனது. காண்ட்ராக்டர்களும் நேட்டோ நாட்டுப் படையும் தனிக் கணக்கு. இரண்டு அதிபர்களை ஒப்பிடும்போது இருவருக்கும் ஒரே வகை எண்ணை எடுங்கள், எந்த மாதத்து எண் என்பதையும் எழுதுங்கள்.

செந்தில்: கடைசியாக ஒன்று சார். ஈராக் போருக்கு ஓட்டுப் போட்டது யார்?

2002 அக்டோபரில் போர் அதிகாரத் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 296-133, செனட்டில் 77-23 என்று நிறைவேறியது. ஜனநாயகக் கட்சி செனட்டர்களில் 29 பேர் ஆதரவு, 21 பேர் எதிர்ப்பு. சபையில் அக்கட்சியின் 126 பேர் எதிர்த்தார்கள், 81 பேர் ஆதரித்தார்கள். செனட்டில் எதிர்த்த ஒரே குடியரசுக் கட்சிக்காரர் லிங்கன் சாஃபி.