பைபோலார் இருக்கிறது, ஐடி வேலையில் இருக்கிறேன். மேலாளரிடம் சொல்லிவிடலாமா?

நோயின் பெயரைச் சொல்ல வேண்டாம், உங்களுக்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் சொல்லுங்கள் என்பேன். எனக்கும் பைபோலார்தான்: மனநிலை சில காலம் மேனியா என்ற அளவுகடந்த வேகத்துக்கும், சில காலம் டிப்ரஷனுக்கும் மாறும் நோய். அதற்கான மாத்திரையான லித்தியம் எடுத்துக்கொண்டு சென்னையில் சப்போர்ட் வேலை பார்க்கிறேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான்: நைட் ஷிஃப்ட் கூடாது. நமக்குத் தூக்கம் கெட்டால் மேனியா கிளம்பிவிடும். 'மருத்துவக் காரணங்களுக்காக இரவுப்பணி தவிர்க்க வேண்டும்' என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி எச்ஆரிடம் கொடுத்தேன். மேலாளர் "என்னப்பா, முதுகு வலியா?" என்றார். "தூக்கப் பிரச்சினை சார்" என்றேன். பொய்யும் இல்லை. லெட்டர்பேடில் மனநல மருத்துவர் என்று இருப்பதைப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். அதற்கு மேல் விவரம் கேட்டு ஆபீஸிலிருந்து போன் போட்டாலும், 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் டாக்டர் சொல்லக் கூடாது.

அடுத்து, டிப்ரஷன் வந்தால் ஆபீஸில் திட்டு விழும். மேனியா ஆரம்பிக்கும்போது பாராட்டு விழும்! இதுதான் ஆபத்து. விடிகாலை மூன்று மணிக்கு மெயில் போட்டு, அடுத்தவருக்கு வந்த புகார் டிக்கெட்டையெல்லாம் இழுத்துப் போட்டு முடித்த ஒரு வாரத்தில்தான் எனக்கு 'சூப்பர் வேலை' என்று டீம் முழுக்கக் காப்பி போட்டு மெயில் வந்தது. சில நாளில் என்னை அட்மிட் செய்தார்கள். மேலாளர் கண்ணுக்கு இது நோயாகத் தெரியவே தெரியாது. அதனால் முழுக்கதையும் தெரிந்த ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும். எனக்குப் பக்கத்து சீட் தோழி. நான் மூச்சுவிடாமல் பேச ஆரம்பித்தால் "நைட்டு தூங்கினியா?" என்று கேட்பாள். கேட்டதும் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தால், அன்றே டாக்டருக்குப் போன் போடுவது என்று எங்களுக்குள் ஏற்பாடு.

லித்தியம் எடுப்பவர் என்றால் இன்னொன்று. தலைவலி என்றதும் யாராவது டிராயரைத் திறந்து மாத்திரை நீட்டுவார்கள். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் இரண்டும் ரத்தத்தில் லித்தியம் அளவை ஏற்றிவிடும், வாங்காதீர்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள். ரத்தத்தில் லித்தியம், கிட்னி, தைராய்டு டெஸ்டுகளைத் தள்ளிப்போடாதீர்கள். கை லேசாக நடுங்கும். நான் டீ கப்பை முக்கால்வாசிக்கு மேல் நிரப்புவதில்லை. கேட்பவர்களுக்கு "மாத்திரையோட சைடு எஃபெக்ட்" என்பதே போதும்.

சட்டம் என்றால், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் வருகிறது. தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும். உங்கள் எச்ஆர் போர்ட்டலில் தேடிப் பாருங்கள், பல இடங்களில் அது ஒரு பிடிஎஃப்பாகத் தூங்கிக்கொண்டிருக்கும். இன்சூரன்ஸிலும் மனநோயை உடல்நோய் மாதிரியேதான் நடத்த வேண்டும் என்பது 2017 சட்டம். குரூப் பாலிசியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

டாக்டர் கிடைக்காத நேரத்தில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம்.