‘கோர்ட்டுக்கு நேரமில்லை’ என்று வழக்கு தள்ளிப்போனால் என்ன செய்யலாம்?

கேள்வி: கொட்டாஞ்சேனையிலுள்ள எங்கள் வீட்டின் மேல்மாடியை அம்மா 2014இல் மாத வாடகைக்குக் கொடுத்தார். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. வாடகை நிலுவையானதும் விலகச் சொல்லி அறிவித்தல் அனுப்பி, 2019இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டோம். வாடகைக்கு இருப்பதை எதிராளி தன் மறுமொழியில் ஒத்துக்கொள்கிறார். ஆனால் அறிவித்தல் கிடைக்கவில்லை, திருத்த வேலைக்குச் செலவழித்த காசு வேண்டும் என்கிறார். விளக்கத்துக்கு, அதாவது சாட்சி விசாரணைக்கு, வைத்த தவணைகள் எல்லாம் தள்ளியே போகின்றன. கேட்டால் ‘கோர்ட்டுக்கு நேரமில்லை’ என்கிறார்கள். கடைசித் தவணையில் அம்மா காலையிலிருந்து வாங்கில் இருந்துவிட்டு மதியம் வீடு திரும்பினார். 79 வயது, முழங்கால் வருத்தம், சிங்களமும் அவ்வளவாக வராது. வேறு நீதிமன்றத்துக்கு மாற்றலாமா? நீதிச் சேவை ஆணைக்குழுவுக்கு எழுதலாமா? அம்மாவுக்கு ஏதும் நடந்தால் வழக்கு என்னாகும்?
(வாசகர், கொழும்பு 13)

பதில்: யாருக்கும் கடிதம் எழுத முன்னர் ஒரு வேலை செய்யுங்கள். வழக்கேட்டிலுள்ள தவணைக் குறிப்புகளின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை உங்கள் சட்டத்தரணி மூலம் எடுங்கள். ஒவ்வொரு முறையும் வழக்கு ஏன் தள்ளிப்போனது என்று அதில் ஒரு வரியாவது இருக்கும். உங்கள் காதில் விழுந்த ‘நேரமில்லை’ எல்லாம் அந்த ஏட்டில் அப்படியே இருக்காது. ஒரு நாள் எதிராளியின் சட்டத்தரணிக்கு வேறு நீதிமன்றத்தில் வழக்கு இருந்திருக்கும். இன்னொரு நாள் எதிராளி மருத்துவச் சான்றிதழ் அனுப்பியிருப்பார். சில நாட்களில் உங்கள் பக்கமே தவணை கேட்டிருக்கவும் கூடும். கோபப்படாமல் வாசியுங்கள்.

எதிர்த்தரப்பு கேட்டு வாங்கிய தவணைகளுக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 143ஆம் பிரிவுப்படி போதிய காரணம் இருந்தால்தான் ஒத்திவைப்பு. செலவுத்தொகை கட்டும்படி கட்டளையிடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அடுத்த தவணைக்கு முன் செலவைக் கட்டவேண்டும், இதுவே கடைசித் தவணை என்று வழக்கேட்டில் பதியச் சொல்லி உங்கள் சட்டத்தரணி எழுந்து கேட்கவேண்டும். அவர் வாய் திறக்காவிட்டால் யாரும் தானாகப் பதியமாட்டார்கள்.

உண்மையிலேயே நேரம் போதாமல் தள்ளிய தவணைகள் வேறு கதை. புதுக்கடை நீதிமன்றங்களில் ஒரு காலையைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். முதலில் நகர்த்தல் பத்திரங்கள் (சட்டத்தரணிகள் எழுத்தில் போடும் கோரிக்கைகள்), பிறகு அழைப்பாணை, அறிக்கை, கட்டளை என்று கூப்பிடும் வழக்குகள். இந்தப் பட்டியல் முடிந்த பிறகுதான் விளக்கத்துக்கு வைத்த வழக்குகள். அதில் பாதி விசாரித்த வழக்கு ஒன்று ஓடினால் உங்களுடையதற்கு இடமில்லை. அறைகள் போதாது என்பது உண்மைதான். ஆனால் அறையைக் கட்டினால் மட்டும் வழக்கு ஓடாது. நீதிபதி வேண்டும், சாட்சியத்தைப் பதியச் சுருக்கெழுத்தாளர் வேண்டும், தமிழில் பேசும் சாட்சி என்றால் உரைபெயர்ப்பாளரும் வேண்டும். ஒருவர் லீவு என்றால் அன்றைய நாள் போய்விடும். இதற்கு மேல் ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பர் விடுமுறைகள், நீதிபதிகளின் இடமாற்றம். நீதிபதி மாறினால் எல்லாம் முதலிலிருந்தா என்று பயப்படவேண்டாம். நீதித்துறைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, ஏற்கெனவே பதிந்த சாட்சியத்தின் மேல் தொடரப் புதிய நீதிபதிக்கு இடமளிக்கிறது. அவர் விரும்பினால் சாட்சிகளைத் திரும்ப அழைக்கவும் முடியும்.

நீதிமன்றத்தின் நேரத்தை நீங்கள் கூட்ட முடியாது. உங்கள் வழக்குக்குத் தேவையான நேரத்தைக் குறைக்கலாம், உங்கள் வழக்கு அதற்கு நன்றாகவே இடம் கொடுக்கிறது. வாடகைக்காரர் என்று எதிராளி ஒத்துக்கொண்டிருக்கிறார். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 116ஆம் பிரிவுப்படி, தன்னைக் குடிவைத்தவருக்கு அந்த வாடகை தொடங்கியபோது உரித்து இருந்ததை வாடகைக்காரர் மறுக்க முடியாது. ஆகவே பழைய உறுதிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்ட ஒரு காலைப்பொழுதைச் செலவழிக்கத் தேவையில்லை. மிஞ்சுவது அறிவித்தல் போய்ச் சேர்ந்ததா, திருத்த வேலைக் காசு கொடுக்கவேண்டுமா என்ற இரண்டும்தான். ஒத்துக்கொண்டவற்றை ஏற்புகளாகப் பதிந்து, எழுவினாக்களை, அதாவது நீதிமன்றம் தீர்க்கவேண்டிய கேள்விகளை, சுருக்கச் சொல்லுங்கள். ‘இரண்டு சாட்சி, ஒரு மணித்தியாலம்’ என்று சொல்லக்கூடிய வழக்கு, மதியத்துக்கு முன் மிஞ்சும் நேரத்துக்குள் அடங்கிவிடும்.

வாடகையை வாங்கி ரசீது கொடுத்தது யார்? நீங்கள் என்றால் முதல் சாட்சியாக நீங்களே ஏறலாம். பதிவுத் தபாலில் அறிவித்தலை அனுப்பியவரும் நீங்கள் என்றால் அந்தத் தபால் ரசீதைத் தேடி எடுத்து வையுங்கள்.

அம்மாவின் சாட்சியம் அவசியம்தான் என்று உங்கள் சட்டத்தரணி நினைத்தால், விளக்கம் வரும்வரை காத்திருக்கவேண்டாம். சட்டக்கோவையின் 178ஆம் பிரிவு, போதிய காரணம் காட்டினால் சாட்சி ஒருவரின் சாட்சியத்தை வழக்குத் தொடுத்த பின் எந்தக் கட்டத்திலும் உடனே பதிய வழிசெய்கிறது. வயதையும் நோயையும் காட்டும் மருத்துவ அறிக்கையோடு நகர்த்தல் பத்திரம் போடுங்கள். குறுக்கு விசாரணையையும் அப்போதே முடித்துவிடக் கேளுங்கள். பாதியில் நின்றுபோன சாட்சியம் பிறகு வாதத்துக்கு இடம் வைக்கும். நடமாட முடியாத நிலை வந்தால் ஆணையாளர் ஒருவரை நியமித்து வீட்டில் வைத்தே பதியச் சொல்லிக் கேட்கலாம்.

அம்மா தமிழில்தான் பேசுவார் என்பதைப் பதிவாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவையுங்கள். நீதிமன்ற மொழி தெரியாதவருக்கு உரைபெயர்ப்பு வசதி கிடைப்பது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தரும் உரிமை. ஆனால் அன்று காலையில் ஆளைத் தேடினால் உரிமை இருந்தும் தவணை போய்விடும். இன்னொன்று: சட்டத்தரணி தோன்றும்போது வெறுமனே கூப்பிடும் தவணைகளுக்கு அம்மாவை அந்த வாங்கில் கொண்டுபோய் இருத்தத் தேவையில்லை. விளக்கத் தவணைக்கு மட்டும் கவனமாக இருங்கள். அன்று வழக்காளி பக்கம் யாரும் தோன்றாவிட்டால் வழக்குத் தள்ளுபடியாகலாம்.

இனி உங்கள் மற்றக் கேள்விகள். வழக்கை மாற்றும் அதிகாரம், நீதித்துறைச் சட்டத்தின் 46ஆம் பிரிவின் கீழ், மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு இருக்கிறது. நெரிசலை மட்டும் காரணம் காட்டி அங்கே போக நான் சொல்லமாட்டேன். அந்த விண்ணப்பம் முடியும்வரை இங்கே வழக்கு நின்றுபோகும் ஆபத்து வேறு. ஆணைக்குழு, நீதிபதியின் நடத்தை பற்றிய முறைப்பாட்டுக்கு உரிய இடம், உங்கள் தவணையை முன்னால் இழுக்கும் இடமல்ல. நீதிபதிக்கு நேரடியாகக் கடிதம் மட்டும் எழுதிவிடாதீர்கள். 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் குத்தகை ஆதன மீட்புச் சட்டத்தைப் பற்றி யாராவது சொன்னால், அது எழுத்திலான குத்தகைகளுக்கானது. உங்களுடையது வாய்ப்பேச்சு வாடகை.

அம்மா காலமானால் வழக்கு இறந்துபோகாது. வாரிசுகள் இடத்துக்கு வந்து தொடரலாம். ஆனால் அந்தப் பதிலீட்டுக்கும் தவணைகள் போகும், அதனால்தான் சாட்சியத்தை முந்திக்கொள்ளச் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்றையும் யோசியுங்கள். வீட்டை விடும் திகதி ஒன்றுக்கு எதிராளி சம்மதித்தால், குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 408ஆம் பிரிவின் கீழ் இணக்கத்தைப் பதிந்து தீர்ப்பாணை எடுக்கலாம். அந்தத் திகதி வரை வெளியேற்றும் எழுத்தாணை வழங்கப்படாது என்றும், தவறினால் புதிய விளக்கம் இல்லாமலே பிஸ்கால் (நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் அலுவலர்) வந்து வெளியேற்றலாம் என்றும் எழுதிக்கொள்வார்கள். நிலுவையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தால் அவரும் திருத்த வேலைக் காசை விடுவார். எத்தனை மாதம் கொடுக்கலாம், எவ்வளவு விடலாம் என்பதை அம்மாவிடம் கேட்டுக்கொண்டு அடுத்த தவணைக்குப் போங்கள்.