"ஆண்டவர் என்னோடு பேசுவதே இல்லையே!"

கேள்வி:

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு ஸ்தோத்திரம்.

எனக்கு 43 வயது. அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். பிறந்ததிலிருந்தே கிறிஸ்தவள். அப்பா கிராமத்துச் சபையில் உபதேசியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் போகும் சபைக்குத்தான் நானும் போகிறேன். அவர் கல்லூரி நாட்களில் ஒரு முகாமில் மனந்திரும்பி இரட்சிக்கப்பட்டவர். தேதி, நேரம் எல்லாம் சொல்வார். எனக்கு அப்படி ஒரு தேதியே கிடையாது.

எங்கள் பெண்கள் கூட்டத்தில் சாட்சி நேரம் உண்டு. மைக் வரிசையாக வரும். "இந்த வாரம் ஆண்டவர் என்னோடு பேசினார்" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். மகனுக்கு எந்தக் கல்லூரி என்று ஒருவருக்குச் சொன்னாராம். அந்த வீட்டை வாங்காதே என்று இன்னொருவருக்குச் சொன்னாராம். போன மாதம் என் முறை வந்தபோது சொல்ல ஒன்றும் இல்லாமல் மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டேன். கூட்டம் முடிந்ததும் நாலைந்து பேர் என் தலையில் கை வைத்து, தடை உடைய வேண்டும் என்று சத்தமாக ஜெபித்தார்கள். "மறைவான பாவம் ஏதாவது இருந்தா அறிக்கை பண்ணிரும்மா" என்று ஒரு மூத்த சகோதரி காதோரம் சொன்னார். கணவரிடம் சொன்னால், "அவங்க சும்மா சொல்ல மாட்டாங்க, யோசிச்சுப் பாரு" என்கிறார்.

யோசித்து யோசித்து, ஐந்தாம் வகுப்பில் எடுத்த பென்சில் வரைக்கும் அறிக்கை செய்தாயிற்று. ராத்திரி 3 மணிக்கு விழிப்பு வருகிறது, அப்புறம் தூக்கம் இல்லை. சாப்பாடும் இறங்கவில்லை. வேதத்தைத் திறந்தால் வெறும் எழுத்துதான் தெரிகிறது. ஆபிரகாமோடும் யாக்கோபோடும் பேசியவர் என்னோடு ஏன் பேசவில்லை? இத்தனை வருஷம் கோயிலுக்குப் போயும் எனக்கு அவரைத் தெரியவே தெரியாதோ?

அப்பாவிடம் கேட்கலாம் என்றால் அவரும் போன வருஷம் இறந்துவிட்டார். ஆண்டவர் பேசினார் என்று அவர் சொல்லியும் நான் கேட்டதில்லை. காலையில் 4 மணிக்கு எழுந்து முழங்காலில் இருப்பார், அவ்வளவுதான்.

பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஆபிரகாமைக் கேட்டிருக்கிறீர்கள், அவரிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். தேவன் அழைத்து, ஆரான் என்ற ஊரை விட்டுப் புறப்படும்போது அவருக்கு 75 வயது. இறக்கும்போது 175. நடுவிலுள்ள 100 வருஷத்தை வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமம் 14 அதிகாரங்களில் முடித்துவிடுகிறது. ஒரே மூச்சில் வாசித்தால், தேவன் அவரோடு நாள்தோறும் பேசிக்கொண்டே இருந்ததுபோலத் தோன்றும். வயதைக் குறித்துக்கொண்டே வாசித்துப் பாருங்கள். 16ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் இஸ்மவேல் பிறக்கிறான், தகப்பனுக்கு 86 வயது. அடுத்த வசனத்தில், அதாவது 17ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில், அவருக்கு 99. நமக்கு அது கண்ணை ஒரு வரி கீழே இறக்குகிற நேரம். அவருக்கு 13 வருஷம். அந்த வருஷங்களில் தேவன் பேசினதாக ஒரு வார்த்தையும் எழுதப்படவில்லை.

மகன் ஈசாக்கைப் பலியிடப் போன மோரியா மலைக்குப் பிறகும் அப்படித்தான். அந்த மலையில் கேட்ட சத்தத்துக்கு அப்புறம் தேவன் ஆபிரகாமோடு பேசியதாக ஆதியாகமத்தில் ஒரு இடமும் கிடையாது. மனைவி சாராள் இறக்கிறாள். தேசம் முழுவதும் உனக்கே என்று வாக்கு வாங்கியவருக்கு மனைவியை அடக்கம் பண்ண ஒரு துண்டு நிலம் இல்லை. நிலத்துக்காரன் எப்பெரோன் சொன்ன விலையை, 400 சேக்கல் வெள்ளியை, மறுபேச்சில்லாமல் நிறுத்துக் கொடுத்து மக்பேலா குகையை வாங்குகிறார். பிறகு 140 வயதில் ஈசாக்குக்குப் பெண் பார்க்க ஊழியக்காரனை அனுப்புகிறார். புதிதாக எந்தக் கட்டளையும் வரவில்லை. என்னைத் தகப்பன் வீட்டிலிருந்து அழைத்துவந்தவர், இந்தத் தேசத்தை உன் சந்ததிக்குத் தருவேன் என்றவர், தம் தூதனை உனக்கு முன்னே அனுப்புவார் என்று மட்டும் சொல்கிறார். அந்த வார்த்தையை அவர் முதல்முதலாகக் கேட்டு 65 வருஷம் ஆகிவிட்டது! அதை வைத்துக்கொண்டு மகன் கல்யாணத்தையே நடத்துகிறார். தேவனை அறிந்த மனிதர் என்று அவரை நான் நினைப்பது இந்த அதிகாரத்தை வைத்துத்தான். இதில் சத்தமும் இல்லை, தரிசனமும் இல்லை.

உங்களுக்கு நான் சிபாரிசு செய்கிற ஆள் ஈசாக்கு. சபைகளில் அவரைப் பற்றிப் பிரசங்கம் கேட்பது அபூர்வம். விசுவாச வீட்டிலேயே பிறந்தவர், ஆரானை விட்டு வந்தேன் என்று சொல்ல அவருக்கும் ஒரு தேதி கிடையாது. தேவன் அவருக்குத் தரிசனமானது கேராருக்குப் போகும் சமயத்தில் ஒரு தடவை, பெயெர்செபாவில் ஒரு ராத்திரி. 180 வருஷ வாழ்க்கையில் எழுதப்பட்டிருப்பது அவ்வளவுதான். 40 வயதில் கல்யாணம், பிள்ளைகள் பிறக்கும்போது 60. குழந்தையில்லாத மனைவிக்காக வேண்டிக்கொண்டார் என்று ஒரே வசனத்தில் சொல்லிவிட்டுப் போகிறது வேதம். மற்ற நேரத்தில் என்ன செய்தார்? கிணறு தோண்டினார். தோண்டியதை ஊர்க்காரர்கள் எங்களுடையது என்றால், விட்டுவிட்டு வேறொன்று தோண்டினார். அதற்கும் சண்டை வந்தது. மூன்றாவதற்குத்தான் யாரும் வரவில்லை.

அவர் குடியிருந்த இடத்தையும் பாருங்கள். லாகாய்ரோயீ என்ற துரவுக்கு, அதாவது கிணற்றுக்கு, பக்கத்தில். அவர் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, அவர் தாயின் கொடுமை தாங்காமல் ஓடிப்போன அடிமைப்பெண் ஆகார், நீர் என்னைக் காண்கிற தேவன் என்று சொன்ன தண்ணீர்த்துறை அது. வேதத்தில் தேவனுக்குப் பெயரிட்ட முதல் ஆள் அவள்தான், சாட்சி மைக் அவள் கைக்கு வந்திருக்காது.

உங்கள் அப்பாவுக்கு வருகிறேன். மாமனார் லாபானிடம் கோபமாகப் பேசும்போது ஈசாக்கின் மகன் யாக்கோபு தேவனை எப்படிச் சொல்கிறான் தெரியுமா? "ஈசாக்கின் பயபக்திக்குரியவர்" என்கிறான். அந்தப் பெயரை அவன் வேறு எங்கிருந்து எடுத்திருக்க முடியும்? அதிகம் பேசாத தகப்பன் யாருக்கு முன்னால் பயபக்தியாய் இருந்தார் என்று வீட்டில் பார்த்து வளர்ந்தவன் அவன். காலை 4 மணி, முழங்கால் என்று நீங்கள் எழுதிவிட்டு "அவ்வளவுதான்" என்று முடித்திருக்கிறீர்கள். அது அவ்வளவுதான் என்கிற விஷயமா?

மறைவான பாவம் என்கிற பேச்சை இத்தோடு விட்டுவிடுங்கள். பாவம் இருந்தால் தேவன் பேசமாட்டார் என்பது கணக்கென்றால், யாக்கோபு பெத்தேலில் வானத்தை எட்டும் ஏணியையும் அதற்கு மேலாக நின்று பேசிய தேவனையும் சொப்பனத்தில் கண்டிருக்கவே முடியாது. கண் தெரியாத தகப்பனை ஏமாற்றி அண்ணனுடைய ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டு, உயிருக்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்தான். விழித்தவுடன் அவன் சொன்னது: "மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார், இதை நான் அறியாதிருந்தேன்." உங்களிடம் ஏசாயா தீர்க்கதரிசி புத்தகத்தின் 59ஆம் அதிகாரத்தையும் யாராவது காட்டுவார்கள். அக்கிரமங்கள் தேவனுடைய முகத்தை மறைக்கும் என்று அங்கே இருப்பது உண்மை. அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். கைகளில் இரத்தக்கறை உள்ளவர்களுக்குச் சொன்னது அது. பென்சில் எடுத்த குழந்தைக்குச் சொன்னதல்ல. குற்ற உணர்வில் இருக்கிற மனதிடம் தேடு என்றால் அது தேடிக்கொண்டேதான் இருக்கும், ஒன்று தீர்ந்தால் இன்னொன்றைக் கொண்டுவரும்.

இனி ஆலோசகராகச் சொல்ல வேண்டியது. அப்பா இறந்ததை நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போகிறீர்கள். நான் உங்கள் கடிதத்தை அந்த வரியிலிருந்துதான் வாசித்தேன். அதிகாலை விழிப்பு, சாப்பாடு இறங்காதது, பிடித்தது எதிலும் மனம் ஒட்டாதது, எதற்கெடுத்தாலும் என் தப்புதானோ என்று தோன்றுவது: இவையெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு அதற்கும் மேலேயே ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். தைராய்டு, இரத்தசோகை பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். உங்கள் வயதில் அவையும் இப்படிச் சோர்வைத் தரும். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அவர்கள் சர்க்கரைக்கு என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள்.

துக்கம் வந்தால் வேதம் வெறும் எழுத்தாகிவிடுவது புதிதல்ல. மகன் யோசேப்பு செத்துப்போனான் என்று நம்பிய யாக்கோபு, பிள்ளைகள் எல்லோரும் வந்து தேற்றியும் ஆறுதலுக்கு இடங்கொடுக்கவில்லை. 17 வயதில் தொலைந்த மகனைத் திரும்பப் பார்க்கும்போது மகனுக்கு 39 வயதுக்குப் பக்கம். அந்த 22 வருஷமும் தேவன் அவனோடு பேசினதாக எழுத்து இல்லை. ஏணியைக் கண்டவன், யாப்போக்கு ஆற்றங்கரையில் விடியும்வரை தேவனோடு போராடித் தொடை சுளுக்கியவன் அவன். அவனுக்கு தேவனைத் தெரியாது என்று யார் சொல்வார்கள்? கடைசியில் எகிப்துக்குப் போகிற வழியில் பெயெர்செபாவில்தான் சத்தம் வருகிறது: பயப்படாதே, நானும் உன்னோடு வருவேன், யோசேப்பு தன் கையால் உன் கண்களை மூடுவான். அதுவரை அழுதான். நீங்களும் அழலாம், அப்பாவுக்காக. உயிர்த்தெழுதலை நம்பாத சதுசேயர் என்ற யூதப் பிரிவினர் அதைக் கேலி செய்தபோது இயேசு எடுத்துக்காட்டியதும் இந்த மூன்று பெயர்களைத்தான்: ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன், அவர் ஜீவனுள்ளோரின் தேவன்.

இப்போதைக்கு நீண்ட ஜெபம் வேண்டாம். தான் ஏமாற்றிய அண்ணன் ஏசாவைச் சந்திக்கப் போகுமுன் யாக்கோபு, எனக்குப் பயமாயிருக்கிறது, என்னைத் தப்புவியும் என்றுதான் கேட்டான். அந்த அளவு போதும். மனம் தேறும்வரை பெண்கள் கூட்டத்துக்குப் போகாமல் ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

கணவரை எதிரியாகப் பார்க்காதீர்கள், அவருக்கு இந்த ஒரு பாஷைதான் தெரிந்திருக்கிறது. முகாமுக்கு அப்புறம் எத்தனையோ வருஷம் போயிருக்குமே, அதில் ஒன்றுமே நடக்காத சாதாரண நாட்களில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று ஒரு நாள் சாவகாசமாகக் கேளுங்கள். சட்டென்று பதில் வராது. காத்திருங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்