எல்லைப்புறக் கோட்டைகளும் பழைய வீடுகளும்: கேள்வி பதில்

இங்கிலாந்தின் வடகோடியில், ஸ்காட்லாந்தை ஒட்டிக் கிடக்கிறது நார்தம்பர்லாந்து. அங்கே போய்ப் பார்க்க நினைப்பவர்கள் கேட்டவையும் என் பதில்களும். அடைப்புக்குறிக்குள் இருப்பது கேட்டவரின் ஊர்.

கேள்வி (லெஸ்டர்): அண்ணா, இரண்டு நாள்தான் லீவு. குழந்தைகளோடு வருகிறோம். எதை விடக்கூடாது?

ஒரு நாள் அனிக் கோட்டை. 1309 முதல் பெர்சி குடும்பத்திடம் இருக்கிறது, இன்றும் அவர்கள் அதில்தான் குடியிருக்கிறார்கள். மறுநாள் காலை கிராஸ்டர் என்ற கடலோர ஊரிலிருந்து கடலோரமாக டன்ஸ்டன்பர்க் கோட்டை வரை நடங்கள். கோட்டை வாசல் வரை கார் போகாது, அதுதான் அதன் அழகு. மாலையில் ஒரு பாஸ்டில் வீடு. அது என்னவென்று கீழே சொல்கிறேன்.

கேள்வி (ஹாரோ): ஹாரி பாட்டர் எடுத்தது எங்கே?

அனிக். முதல் இரண்டு படங்களின் சில வெளிப்புறக் காட்சிகள் அங்கே எடுத்தவை.

கேள்வி (நியூகாசில்): லிண்டிஸ்ஃபார்ன் தீவுக் கோட்டைக்கு மதியம் கிளம்பினால் போதுமா?

மதியமா காலையா என்பதைக் கடல்தான் சொல்லும். தீவுக்குப் போகும் சாலை தினம் இரண்டு முறை தண்ணீருக்குள் போய்விடும். கவுண்டி கவுன்சில் வெளியிடும் பாதுகாப்பான நேர அட்டவணையைப் பார்க்காமல் சக்கரத்தை அந்தச் சாலையில் வைக்காதீர்கள். வெயிலடிக்கிறதே, முன்னால் ஒரு கார் போகிறதே என்றெல்லாம் நம்பி இறங்கியவர்களைத்தான் படகு வந்து மீட்கிறது.

கேள்வி (எடின்பரோ): பாஸ்டில் என்கிறீர்களே, அது கோட்டையா, வீடா?

விவசாயி வீடு. 16ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 17இன் தொடக்கத்திலும் கட்டியவை. கல்சுவர் ஒரு மீட்டர் கனம். கீழே மாடுகள், மேலே குடும்பம். மேல்வாசலுக்கு ஏணி வைத்து ஏறி, ஏணியை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். கதவுநிலைக் கல்லில் குறுக்குக்கட்டை செருகும் குழியைத் தேடிக் கைவிட்டுப் பாருங்கள். சில வீடுகளில் கீழ்க்கதவுக்கு மேலே ஒரு துளை இருக்கும். கதவுக்குத் தீ வைத்தால் மேலிருந்து தண்ணீர் ஊற்ற. பெல்லிங்ஹாமுக்கு வடமேற்கே, டார்செட் பள்ளத்தாக்கில் பிளாக் மிடன்ஸ் என்ற பாஸ்டில் இருக்கிறது. கூரை இல்லை, டிக்கெட்டும் இல்லை. வெளிப்பக்கக் கற்படி பிற்காலத்தில் சேர்த்தது.

கேள்வி (கார்லைல்): பீரங்கி வந்தால் அந்தச் சுவர் எம்மாத்திரம்? 1464இல் பாம்பரோ கோட்டையே பீரங்கியில் விழுந்ததே!

விழுந்தது, சரிதான். ஆனால் பாஸ்டில் படையை எதிர்க்கக் கட்டியதல்ல. ரீவர்கள் என்ற கொள்ளைக்காரர்கள் இரவில் குதிரையில் வந்து, மாடுகளை ஓட்டிக்கொண்டு, விடிவதற்குள் எல்லை தாண்டியாக வேண்டும். அவர்களுக்கு முற்றுகையிட நேரம் ஏது? ஓர் இரவு தாக்குப்பிடித்தால் வீடு ஜெயித்தது.

அதே வாசகர்: அப்படியானால் ஸ்காட்லாந்துக்காரர்களிடம் அடிபட்ட அப்பாவிகள் என்று சொல்லுங்கள்.

அதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சார்ல்டன், ராப்சன், டாட், மில்பர்ன் என்ற வடக்கு டைன் ஆற்றுப் பள்ளத்தாக்குக் குடும்பங்கள் இந்தப் பக்கத்தவை. அவர்களும் எல்லை தாண்டிப் போய்த் திருடினார்கள், பக்கத்துப் பள்ளத்தாக்கிலும் திருடினார்கள். இரவு நீண்டு, மாடும் கொழுத்திருக்கும் இலையுதிர்காலம் இரு பக்கத்துக்கும் கொள்ளைக்காலம். 1603இல் ஸ்காட்லாந்து அரசர் ஜேம்ஸே இங்கிலாந்துக்கும் அரசரான பிறகுதான் இந்தத் தொழிலை ஒடுக்கினார்கள். பாஸ்டிலுக்குள் இருந்தவரை அப்பாவி என்று மட்டும் பார்த்தால் பாதிக் கதை போய்விடும்.

கேள்வி (ஸ்லவ்): ஹாரி பாட்டர் கோட்டை எது?

மேலே சொல்லியாயிற்று.

கேள்வி (லீட்ஸ்): கிராக்சைட் கோட்டையா?

இல்லை, விக்டோரியா காலத்துப் பணக்கார மாளிகை. ஆனால் போங்கள். ஆயுத உற்பத்தியாளர் ஆம்ஸ்ட்ராங் 1878இலேயே நீர்மின்சாரத்தில் விளக்கெரித்த வீடு. பின்னாளில், 1894இல், பாம்பரோவை வாங்கிப் புதுப்பித்தவரும் அவரே.

கேள்வி (கிளாஸ்கோ): எடின்பரோ கோட்டைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்?

அது ஸ்காட்லாந்து. அங்கிருப்பவர்களைக் கேளுங்கள்.

கேள்வி (மான்செஸ்டர்): லிண்டிஸ்ஃபார்னுக்கு வழியை மேப்பே காட்டிவிடுமே?

வழி காட்டும். தண்ணீர் வரும் நேரத்துக்கு அட்டவணை. தயவுசெய்து பாருங்கள்.

கேள்வி (சண்டர்லாந்து): அம்மாவுக்கு முழங்கால் வலி. படி ஏறாமல் பார்க்க ஏதாவது உண்டா?

வாலிங்டன் என்ற பழைய மாளிகைக்குக் கூட்டிப்போங்கள். தரைத்தளத்து நடுக்கூடத்தில் வில்லியம் பெல் ஸ்காட் தீட்டிய நார்தம்பர்லாந்து வரலாற்று ஓவியங்கள் இருக்கின்றன. ஒன்றில், சாப்பாடு வரவேண்டிய தட்டில் குதிரைமுள் (குதிரையை விரட்டக் காலணியில் மாட்டும் முள்) வருகிறது. வீட்டில் இறைச்சி தீர்ந்துவிட்டது, போய் மாடு ஓட்டிக்கொண்டு வா என்று வீட்டுக்காரி சொல்லும் விதம் அது. சார்ல்டன் குடும்பத்துக் கதை. கார்லைல்காரரும் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும்.